உருகும் பற்றாசு சிப்பை ஏன் நேராக்குகிறது?

சிப்பைக் கழற்றி மீண்டும் ஒட்டுவது கைராசி அல்ல, கற்கக்கூடிய இயற்பியல். கைத்தொலைபேசிச் சிப்பின் அடியிலுள்ள ஈயம் கலக்காத பற்றாசுக் குண்டுகள் ஏறத்தாழ 217 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கும். பிளக்ஸ் எனும் துணைப்பசை ஆக்சைடை நீக்க, உருகிய பற்றாசு சுற்றுப்பலகையின் செப்புத் திட்டுகளில் படரும். அதன் பரப்பு இழுவிசை, சற்று விலகிய சிப்பைத் தன் இடத்துக்கே இழுத்துவிடும். கை அழுத்த வேண்டாம். வெப்பத்தை ஆண்டால் போதும்.

அந்தச் சூடே சிப்பைக் கெடுக்காதா? அவசரப்பட்டால் கெடுக்கும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவின் ஈரக்காற்றில் வெளியே கிடந்த சிப்பின் பிளாஸ்டிக் உறை ஈரத்தை உறிஞ்சியிருக்கும். திடீர்ச் சூட்டில் அந்த ஈரம் நீராவியாகி, சோளப்பொரி போல உறையைப் பிளந்துவிடும். ஆகவே முதலில் இளஞ்சூட்டில் உலர்த்தி, பலகையை அடியிலிருந்து மெல்லச் சூடேற்றி, கடைசியில்தான் வெப்பக்காற்றைப் பாய்ச்ச வேண்டும். இந்த ‘ஏன்’ புரிந்தால், ஹட்டன் தோட்டத்து இளைஞருக்கும் இத்தொழில் வசப்படும்.