எருக்கம்புதரும் ஒரு வாழிடம்தான்

தென்மேற்குப் பருவமழை நெருங்கும் வேளையிலும், பின்னர் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கோவை, நீலகிரிப் பகுதிகளில் வண்ணத்துப்பூச்சிகள் சாரிசாரியாக ஒரே திசை நோக்கிப் பறப்பதைப் பார்க்கலாம். நீல வேங்கை, கருநீல வேங்கை, வெண்புள்ளிக் கருப்பன் ஆகியவை இக்கூட்டங்களில் மிகுதி. மூன்றுமே டனைனே என்ற உட்குடும்பத்தைச் சேர்ந்தவை. பால் வடியும் செடிகளை நம்பி வாழ்வது இந்த உட்குடும்பத்தின் அடையாளம். இவற்றைக் காப்பது என்றதும் காடுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால், இவற்றின் வாழ்க்கை காட்டோடு முடிவதில்லை.

புழுவுக்கு ஒரு செடி

இதே உட்குடும்பத்தைச் சேர்ந்த வெந்தய வரியன் எருக்கிலையில் ஒவ்வொரு முட்டையாக இடும். நீல வேங்கைக்குக் கொடிப்பாலை வேண்டும். வெண்புள்ளிக் கருப்பன் அரளி, நன்னாரி, ஆல், அத்தி எனப் பலவற்றில் வளரும்.

இச்செடிகளில் பலவற்றின் பாலில் நஞ்சு உண்டு. எருக்கம்பாலில் இருப்பது கார்டினோலைடு என்ற, இதயத்தைத் தாக்கும் வேதிப்பொருள். பிசுபிசுப்பான பால் வாயை ஒட்டிவிடும் என்பதால், இந்த உட்குடும்பத்தின் பல புழுக்கள் முதலில் இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, அதற்கு அப்பாலுள்ள பகுதியைத் தின்கின்றன. அப்படியும் உள்ளே போகும் நஞ்சைச் சில இனங்கள் உடலில் சேர்த்து வைத்துக்கொள்கின்றன.

அதன் பலனை 1960களில் அமெரிக்க அறிஞர் லிங்கன் பிரவர் சோதித்துக் காட்டினார். வெந்தய வரியனின் உறவினமான மொனார்க்கைத் தின்ற நீல ஜே பறவை வாந்தி எடுத்தது. அதன்பின் அந்த நிறத்தைக் கண்டாலே ஒதுங்கியது. இந்த அச்சத்தில் குளிர்காயும் பூச்சிகளும் உண்டு. பருப்புக்கீரையைத் தின்று வளரும் ஹைப்போலிம்னஸ் மிசிப்பஸ் என்ற வண்ணத்துப்பூச்சியின் பெண், நிறத்திலும் பறக்கும் விதத்திலும் வெந்தய வரியனை அப்படியே ஒத்திருக்கும்.

ஆணுக்கு இன்னொரு செடி

இறகு முளைத்தபின் தேவை மாறுகிறது. கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு போன்ற செடிகளின் காய்ந்த அல்லது காயம்பட்ட பாகங்களில் ஆண் பூச்சிகள் மொய்த்துக் கிடப்பது இதனால்தான். அங்கே அவை உறிஞ்சுவது தேனை அல்ல, பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற கசப்புப் பொருளை. அது எதிரிகளிடமிருந்து காக்கிறது. பெண்ணைக் கவரும் வாசனைப் பொருளைத் தயாரிக்கவும் மூலப்பொருளாகிறது. ஆக, புழு தின்னும் செடி மட்டும் இருக்கும் இடத்தில் அடுத்த தலைமுறைக்கு உறுதியில்லை.

மழைக்கு ஏற்ற இடம்

மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டத் தொடங்குமுன் இப்பூச்சிகள் கிழக்கே சமவெளிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நகர்கின்றன. அங்கே கொடிகள் துளிர்க்கும் காலத்தில் இனம் பெருக்குகின்றன. அக்டோபர், நவம்பரில் மேற்கே திரும்புகின்றன. வறண்ட மாதங்களை நிழலும் ஈரமும் உள்ள பள்ளத்தாக்குகளில் கூட்டமாகக் கழிக்கின்றன.

மலைப்பள்ளத்தாக்கு பெரும்பாலும் வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. எருக்கும் கொடிப்பாலையும் கிலுகிலுப்பையும் அப்படியல்ல. அவை ஏரிக்கரையில், தரிசில், உயிர்வேலியில், புறம்போக்கில் முளைப்பவை. சாலை அகலமாகும்போதும், உயிர்வேலி கம்பிவேலியாகும்போதும், வரப்பில் களைக்கொல்லி தெளிக்கும்போதும் முதலில் போவது அவைதான். மலைக்காட்டை எவ்வளவு காத்தாலும், சமவெளியில் முட்டையிட இடமில்லாவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

என்ன செய்யலாம்?

வண்ணத்துப்பூச்சித் தோட்டம் என்றால் பலரும் பூச்செடிகளையே வைக்கிறார்கள். பூ விருந்தாளியை அழைக்கும். குடியிருக்க இலை வேண்டும். சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் அஸ்க்லெபியாஸ் குராசாவிகாவில் வெந்தய வரியன் வளரும் என்றாலும், அது அமெரிக்க வெப்பமண்டலச் செடி. அமெரிக்காவின் தென்பகுதியில் அது குளிர்காலத்திலும் பட்டுப்போகாமல் நிற்பதால், மொனார்க்கைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணி அதன் இலைகளில் சேர்ந்துகொண்டே போவதைக் கண்டறிந்திருக்கிறார்கள். அதனால் இலையுதிர் காலத்தில் அதை வெட்டிவிடும்படி அங்கே அறிவுறுத்துகிறார்கள்.

நமக்கு அந்தச் சிக்கலே வேண்டாம். வேலியில் ஒரு கொடிப்பாலையும் நன்னாரியும், ஓரத்தில் ஒரு எருக்கும் கிலுகிலுப்பையும் போதும். புழு அரித்த இலையைக் கண்டதும் மருந்தடிக்காமல் இருக்க வேண்டும். ஊராட்சிகள் புதர் வெட்டும்போது ஏரிக்கரையை ஒரேயடியாக மழிக்காமல், ஒரு பகுதியை விட்டுவைத்து அடுத்த முறை வெட்டலாம். அதற்குத் தனி நிதி எதுவும் தேவையில்லை.