கப்பல் சங்கும் கூடத்துப் பெட்டியும்

துறைமுகத்தில் சங்கு ஊதினால், வந்திருப்பது பெரிய கப்பலா சிறியதா என்று ராயபுரத்துக் காது சொல்லிவிடும். காரணம் உண்டு. 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் ஊதல், விநாடிக்கு 70 முதல் 200 அதிர்வுக்குள் இருக்க வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதி. சிறு கப்பலுக்குக் குரல் உயரலாம்.

அந்தக் கனத்த குரலுக்கும் கீழே, 20 அதிர்வு வரை இறங்கத்தான் பிள்ளைகள் 'சப்வூஃபர்' கேட்கிறார்கள். கேட்டதும் பர்ஸைத் திறந்துவிடாதீர்கள்! 'ஆயிரம் வாட்' சீட்டைக் கண்டும் மயங்க வேண்டாம். சத்தம் குறையாமல் 40-லிருந்து 20-க்கு இறங்க, நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். ஆகவே கூம்பு பெரிதாக இருப்பது நல்லது. மூடிய பெட்டி இடத்தை அடைக்காது. துளை வைத்த பெட்டி ஆழத்தில் அதிகம் முழங்கும், பருமனும் அதிகம். வீட்டிலேயே செய்தால் பலகை கனமாகவும், மூட்டுகள் காற்றுப் புகாமலும் இருக்கட்டும்.

எங்கே வைப்பது? நீங்கள் உட்காரும் நாற்காலியில் பெட்டியை ஏற்றிப் பாட்டைப் போடுங்கள். சுவரோரமாகக் குனிந்து கேட்டபடி சுற்றி வாருங்கள். ஒலி சீராகக் கேட்கும் மூலையே பெட்டிக்கு உரிய இடம்.

ஒன்றை மறக்க வேண்டாம். 20 அதிர்வு அலையின் நீளம் சுமார் 17 மீட்டர். அதற்குப் பொதுச்சுவர் வெறும் திரைச்சீலை. அப்பால் தூளியில் குழந்தை உறங்கலாம். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் என்கின்றன 2000-ஆம் ஆண்டு விதிகள். கப்பல் சங்கு ஊதிவிட்டுப் போய்விடும். பக்கத்து வீட்டு மாமி அங்கேயே அல்லவா இருப்பார்!