கன்னத்தில் ஒரு வெளிர் திட்டு

ஒன்றரை வயதுக் குழந்தை. கன்னத்தில் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்கு ஒரு திட்டு. முதலில் அது சிவந்து தடித்திருந்தது. குழந்தை தலையணையில் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. பிறகு சிவப்புத் தணிந்து, மாவு தூவியதுபோல் மெல்லிய பொருக்குடன் அந்த இடம் வெளுத்துவிட்டது. பத்து நாளில் போய்விடும் என்று வீட்டார் காத்திருந்தார்கள். இரண்டு மாதம் ஆகியும் போகவில்லை. "கரப்பான்" என்கிறார் பாட்டி. "வயிற்றில் பூச்சி" என்கிறார் அடுத்த வீட்டு அம்மாள். மருந்துக் கடையில் ஒரு களிம்பு கிடைக்கிறது. இவர்கள் யாரிடமும் சொல்லாத ஓர் ஐயமும் தாயின் மனத்தில் இருக்கிறது. இது பெருநோயாக இருக்குமோ?

மற்ற ஊர்களில் இந்த ஐயம் சற்று மிகையாகத் தோன்றலாம். செங்கல்பட்டுப் பகுதியில் அதற்கு ஒரு வரலாறு உண்டு.

திருமணியின் கதை

செங்கல்பட்டு நகரை அடுத்த திருமணியில் 1924ஆம் ஆண்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை அமைந்தது. இம்மாவட்டத்தில் தொழுநோய் அக்காலத்தில் மிகுதியாக இருந்தது. நீரடிமுத்து எண்ணெயை ஊசி மூலம் செலுத்துவதே அப்போது கைவசமிருந்த சிகிச்சை. நோயாளிக்கு அதனால் வலி மிகுதி, பயன் குறைவு. அங்கே தலைமை மருத்துவராகப் பணியாற்றிய ராபர்ட் காக்ரேன் 1946இல் டாப்சோன் என்னும் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தொழுநோய் மருத்துவத்தில் புதிய காலம் தொடங்கிய இடங்களுள் திருமணியும் ஒன்று. 1955இல் இந்திய அரசு அந்த மருத்துவமனையையும், அதனோடு சைதாப்பேட்டையில் இருந்த குழந்தைகள் மருத்துவ நிலையத்தையும் ஏற்றுக்கொண்டு மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. தொழுநோய்க்கென்று குழந்தைகளுக்குத் தனியாக ஒரு நிலையம் தேவைப்பட்டது என்பதிலிருந்தே அக்கால நிலைமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அதன் பின்னர்ப் பல ஆண்டுகள் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகவும் பள்ளி பள்ளியாகவும் சென்று, பிள்ளைகளின் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகு, கை, முகம் என்று திட்டுகளைத் தேடினார்கள். அந்தச் சோதனைக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் இன்று தாத்தாக்களும் பாட்டிகளும் ஆகிவிட்டார்கள். பேரக் குழந்தையின் கன்னத்தில் ஒரு வெளுப்பைக் கண்டதும் அவர்கள் திடுக்கிடுவதில் வியப்பில்லை.

ஆனால் நிலைமை மாறிவிட்டது. 1980களில் ரிஃபாம்பிசின் முதலிய மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. 1983இல் இந்தியாவில் 10,000 பேரில் 57.8 பேருக்குத் தொழுநோய் இருந்தது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் அந்த அளவு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. நோய் அடியோடு ஒழிந்துவிட்டது என்று இதற்குப் பொருள் அல்ல. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியர்களே. ஆகவே தாயின் ஐயத்தைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. அதற்கு முறையாக விடை சொல்ல வேண்டும்.

ஊசியும் இறகும் போதுமா?

தொழுநோய்க் கிருமி தோலோடு நரம்பையும் தாக்குகிறது. அதனால்தான் தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குறைகிறது. இறகாலோ பஞ்சாலோ தொட்டுப் பார்க்கும் சோதனை இதிலிருந்து பிறந்ததே. பலர் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். சிலர் வீட்டிலேயே குழந்தையின் கன்னத்தில் குண்டூசியால் குத்திப் பார்ப்பதும் உண்டு. அது கூடாது. அதனால் பயனும் இல்லை. முதலாவதாக, தொட்டது தெரிகிறதா என்று ஒன்றரை வயதுக் குழந்தை நமக்குச் சொல்லப் போவதில்லை. இரண்டாவது காரணம் பலரும் அறியாதது. முகத்தில் உணர்ச்சி நரம்புகள் மிக நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒரு கிளை பழுதுபட்டாலும் அண்டையில் உள்ள கிளைகள் அதன் வேலையைச் செய்துவிடும். கை கால்களில் உணர்ச்சியிழப்பைத் தெளிவாகக் காட்டும் நோய்கூட முகத்தில் அதை மறைத்துவிடலாம். எனவே முகத்தில் உணர்ச்சி இருப்பது தொழுநோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

அப்படியானால் மருத்துவர் எதை வைத்து முடிவு செய்கிறார்?

முதலில் வயதை வைத்து. தொழுநோய்க் கிருமி மிக மிக மெதுவாகப் பெருகுவது. நம் குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா நல்ல சூழ்நிலையில் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். தொழுநோய்க் கிருமிக்கு அதே வேலைக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். உடலுக்குள் புகுந்த கிருமி நோயாக வெளிப்படச் சில ஆண்டுகள் ஆகின்றன; சராசரி ஐந்தாண்டு என்பார்கள். பிறந்து ஒன்றரை ஆண்டே ஆன குழந்தைக்கு அது திட்டாக வெளிப்படுவது மிக மிக அரிது. பள்ளி செல்லும் வயதில் இப்படிச் சொல்லிவிட முடியாது. அந்த வயதில் தொழுநோயின் தொடக்கத் திட்டும் சாதாரண வெளுப்பும் தேர்ந்த கண்ணையே ஏமாற்றும்.

அடுத்தது அரிப்பு. தொழுநோய்த் திட்டு பொதுவாக அரிக்காது. ஒரு வாரம் சிவந்து மறு வாரம் தணிந்து போக்குக் காட்டாது. மாவுப் பொருக்கும் அதில் வழக்கமாக இருப்பதில்லை. நம் குழந்தையின் கன்னத்தில் உள்ளதோ அரித்தது, சிவந்தது, பொருக்கு விட்டது, கூடிக் குறைந்தது. இவை எல்லாம் வேறொரு திசையைக் காட்டுகின்றன. இருந்தாலும் நல்ல மருத்துவர் கன்னத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புவதில்லை. குழந்தையின் உடல் முழுவதையும் பார்ப்பார். கழுத்திலும் முழங்கையிலும் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். வீட்டில் யாருக்காவது தொழுநோய் இருந்ததா என்று கேட்பார். இந்தக் கேள்விக்கு வெட்கப்படாமல் உண்மையைச் சொல்ல வேண்டும்.

செங்கலும் சாந்தும்

பாட்டி சொன்ன "கரப்பான்" என்ற சொல்லுக்கு வருவோம். பெயரளவில் அவர் பெரும்பாலும் சரியே. மருத்துவர்கள் எக்சிமா என்று குறிப்பிடும் தோல் அழற்சியைத்தான் நம் முன்னோர் கரப்பான் என்றார்கள். இது கைக்குழந்தைப் பருவத்தில் கன்னத்திலும் நெற்றியிலும் தொடங்கி, இரண்டு வயதுக்கு மேல் முழங்கை மடிப்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடம் மாறுவது வழக்கம்.

தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். உயிரிழந்த தட்டையான செல்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்புப் பொருள் சாந்து. உள்ளிருக்கும் நீர் வெளியேறாமலும், வெளியில் உள்ள சோப்பு, தூசி, கிருமி உள்ளே நுழையாமலும் இந்தச் சுவர் காக்கிறது. குழந்தைகளுக்கு இச்சுவர் பெரியவர்களுக்கு இருப்பதைவிட மெலிது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே சுவரில் விரிசல் இருக்கும். ஃபிலாக்ரின் என்ற புரதம் இச்சுவரின் உறுதிக்கு இன்றியமையாதது. அதை உண்டாக்கும் மரபணுவில் உள்ள குறை எக்சிமாவுக்கு ஒரு முக்கியக் காரணம் என்பது 2006இல் தெரியவந்தது. எக்சிமா ரத்தத்தில் உள்ள அழுக்கு என்ற பழைய எண்ணத்துக்கு அதன் பிறகு இடமே இல்லை.

மாமல்லபுரம் கடற்கரைக் குப்பங்களில் வாழும் குழந்தைக்கு இந்த விரிசல் சுவரால் வரும் தொல்லைகளைப் பாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் வியர்வை கன்னத்தில் வழிந்து காய்ந்து உப்பாகிறது. உப்பும் மணலும் கலந்த காற்று வேறு. பல் முளைக்கும் பருவமாதலால் வாயிலிருந்து எச்சில் ஒழுகித் தாடையையும் கன்னத்தையும் ஓயாமல் நனைக்கிறது. அதைத் தாய் முந்தானையால் அழுத்தித் துடைக்கிறாள். புளி சேர்ந்த ரசச் சோறு வாயைச் சுற்றிப் படுகிறது. இவை ஒவ்வொன்றும் சிறிய உறுத்தல்தான். ஆனால் நாள் முழுவதும் தொடர்ந்தால் சிறிய உறுத்தல்களே அழற்சியைத் தணியவிடாமல் வைத்திருக்கப் போதும்.

சரி, சிவப்பு ஏன் வெளுப்பாக மாறியது? தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்கும் செல்கள் சிறு சிறு பொட்டலங்களாக்கி அண்டைச் செல்களுக்கு வழங்குகின்றன. அழற்சி ஏற்பட்ட இடத்தில் இந்த வழங்கல் தடைப்படுகிறது. செல்கள் சாகவில்லை, வேலைதான் சுணங்கியிருக்கிறது. இவ்வகை வெளிர் திட்டுக்குப் பிட்டிரியாசிஸ் ஆல்பா என்று பெயர். வெண்புள்ளி நோயில் நிலைமை வேறு. அங்கே மெலனின் உண்டாக்கும் செல்களே அழிந்துவிடுவதால் திட்டு சுண்ணாம்பு வெள்ளையாக, விளிம்பு தெளிவாக இருக்கும். பிட்டிரியாசிஸ் ஆல்பாவின் விளிம்பு மங்கிச் சுற்றுத் தோலோடு கரைந்துவிடும். கோடையில் இது பளிச்சென்று தெரிவதற்குக் காரணம், திட்டு வளர்ந்தது அல்ல. சுற்றியுள்ள தோல் வெயிலில் கறுத்துவிடுகிறது. திட்டு மட்டும் கறுப்பதில்லை.

வயிற்றுப் பூச்சிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. அங்கன்வாடியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள். அதன் பயன் வேறு. கத்தரிக்காய், முட்டை, மீன் எல்லாவற்றையும் "கரப்பான் பண்டம்" என்று ஒதுக்கிவிட்டு வளரும் குழந்தைக்குக் கஞ்சியை மட்டும் ஊட்டுவது எனக்குத் தெரிந்தவரை நன்மையைவிடத் தீமையே செய்யும். ஒரு குறிப்பிட்ட உணவு உண்ட சிறிது நேரத்தில் தடிப்போ வாந்தியோ வந்தால் அது வேறு. அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடைக் களிம்பு

இனி மருந்துக் கடைக் களிம்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இந்தக் கதையில் உண்மையான ஆபத்து பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

இக்களிம்புகள் பலவற்றில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். கூடவே பூஞ்சைக் கொல்லியும் பாக்டீரியாக் கொல்லியும் கலந்திருக்கும். எது நோயென்று தெரியாதபோது எல்லாவற்றையும் கலந்து அடிக்கும் முறை இது. தடவிய மூன்றாம் நாள் கன்னம் பளபளவென்று ஆகிவிடும். வீட்டார் மகிழ்ந்து நிறுத்துவார்கள். ஒரு வாரத்தில் சிவப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். மறுபடியும் களிம்பு. இந்தச் சுற்றில் மாதங்கள் ஓடிவிடும். முகத் தோல் மெல்லியது. மருந்தை மிகுதியாக உறிஞ்சும். நாளடைவில் தோல் இன்னும் மெலிந்து நுண்ணிய ரத்தக் குழாய்கள் தெரியும். வாயைச் சுற்றிச் சிறு பருக்கள் கிளம்பும். பூஞ்சைப் படையாக இருந்தால் அது தன் வளைய வடிவத்தை இழந்து அடையாளம் தெரியாமல் பரவும். தோலை வெளுக்கச் செய்வதும் ஸ்டீராய்டின் குணங்களில் ஒன்று. வெளிர் திட்டைப் போக்கத் தடவிய களிம்பே அதை மேலும் வெளுக்க வைக்கும்! அரிதாக அது தொழுநோயாகவே இருந்துவிட்டால், ஸ்டீராய்டு அதைச் சில காலம் மங்கலாக்கி மறைத்து, கண்டறிவதைத் தாமதப்படுத்தும்.

2018இல் இந்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. நடைமுறையில் கடைக்குச் சென்று கேட்பவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஸ்டீராய்டே நஞ்சு என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். சிவந்து அரிக்கும் காலத்தில் மருத்துவர் வீரியம் குறைந்த ஹைட்ரோகார்ட்டிசோனைச் சில நாட்களுக்கு எழுதிக் கொடுப்பார். அதைப் பயந்து தடவாமல் விடுவதும் சரியன்று. எந்த வீரியம், எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது

சுவரைப் பூச வேண்டும். குளிப்பாட்டுவது வெதுவெதுப்பான நீரில், ஐந்து பத்து நிமிடத்துக்குள். கன்னத்துக்குச் சோப்பு வேண்டாம். கடலை மாவும் பயற்றம் மாவும் இயற்கையானவைதான். ஆனால் தேய்க்கும்போது அவை உப்புத்தாளின் வேலையைச் செய்கின்றன. துண்டால் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே மணமற்ற வாசலினையோ தேங்காயெண்ணெயையோ மெல்லியதாகத் தடவுங்கள். பிலிப்பைன்ஸ் நாட்டில் மிதமான எக்சிமா உள்ள குழந்தைகளிடம் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், சுத்தமான தேங்காயெண்ணெய் கனிம எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. ஆனால் உச்சிக் கோடையில் எண்ணெயைக் கனமாகப் பூசினால் வியர்வைத் துளை அடைபட்டு வேர்க்குரு வரும்; கடற்கரைப் பகுதியில் இதை நினைவில் வைக்க வேண்டும். சோறு ஊட்டுவதற்கு முன் வாயைச் சுற்றிச் சிறிது வாசலின் தடவிவிட்டால் புளியும் எச்சிலும் தோலில் படாது. வெயிலில் விளையாடிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் முகத்தைக் கழுவி ஒற்றுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

திட்டில் மஞ்சளாகப் பொருக்குக் கட்டினாலோ நீர் வடிந்தாலோ கிருமி புகுந்திருக்கிறது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். காய்ச்சலுடன் திடீரென்று ஒரே அளவான சிறு கொப்புளங்கள் கூட்டமாக எழும்பினால், குறிப்பாகக் கண்ணருகில் எழும்பினால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது அக்கிக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வைரஸாக இருக்கக்கூடும்; காத்திருக்க முடியாத நோய் அது. அரிப்பில்லாத திட்டு மாதக்கணக்கில் மாறாமலே நின்றாலும், உடலில் வேறிடத்தில் இன்னொன்று தோன்றினாலும், வீட்டில் தொழுநோய்ச் சிகிச்சை பெற்றவர் இருந்தாலும் அதை வெளிப்படையாகச் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொழுநோய் மருந்து இலவசம். நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் நோய் குணமாகும்.

மற்றபடி, அரிப்பும் பொருக்கும் ஓரிரு வாரத்தில் அடங்கினாலும் நிறம் உடனே திரும்பாது. சுணங்கிய செல்கள் பழைய வேகத்துக்கு வரப் பல மாதம், சில சமயம் ஓராண்டுக்கு மேலும் பிடிக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலை வெளிச்சத்தில், ஒரே இடத்தில் குழந்தையை நிறுத்திக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குப் புலப்படாத மாற்றம் அப்படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரியும்; மருத்துவருக்கும் அவை உதவும்.