தயிரும் பழமும்: பிள்ளைகளோடு ஒரு மாலை

மாலை நேரம். சாந்தன்பாறை கடைவீதியில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம். ஏலத்தோட்டத்தில் வேலை முடிந்து அம்மாக்களும் வருகிறார்கள். கையில் தூக்குவாளி. காலில் சேறு.

"அம்மா, பத்து ரூபா குடும்மா. ஐஸ் வாங்கிக்கிறேன்."

"நேத்துத்தானே வாங்கினே?"

"இன்னிக்கு ஒண்ணே ஒண்ணும்மா."

அம்மாவுக்கு அலுப்பு. பிள்ளையோடு வாதாடத் தெம்பு இல்லை. முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார். பிள்ளையின் நாக்கு சிவப்பாகிறது.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பூப்பாறையிலும் இப்படித்தான். ராஜகுமாரியிலும் இப்படித்தான். மலை இறங்கினால் போடியிலும் இப்படித்தான்.

பிள்ளை கேட்பதில் தப்பு இல்லை. மத்தியானம் சாப்பிட்ட பிள்ளைக்கு மாலையில் பசி எடுக்கும். வளரும் உடம்பு அது. நாம் என்ன கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகள் என்றால் 20 ரூபாய். மாதத்தில் 25 நாள் வாங்கினால் எவ்வளவு?

20 × 25 = 500 ரூபாய்.

ஐந்நூறு ரூபாய்! அதற்கு என்ன கிடைத்தது? சர்க்கரை, தண்ணீர், சாயம். வயிறு நிறைந்ததா? இல்லை. எலும்புக்குச் சத்து கிடைத்ததா? இல்லை. பல்லில் பூச்சி விழுவதுதான் மிச்சம்.

அதே காசில் பாலும் பழமும் வாங்கலாம். வீட்டிலேயே ஐஸ் போலச் செய்து கொடுக்கலாம்.

உறையை வாசிப்போம்

நாம் இப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கிறோம். அந்த எழுத்தை வீட்டுக்கும் பயன்படுத்துவோம்.

கடையில் வாங்கும் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சடித்திருப்பார்கள். எந்தப் பொருள் எடையில் அதிகமோ, அதை முதலில் போட வேண்டும். இது சட்டம். சர்க்கரை முதலில் இருந்தால் அதில் சர்க்கரைதான் அதிகம்.

இன்னொரு செய்தி. சில குளிர் பொட்டலங்களில் 'ஐஸ்கிரீம்' என்று இருக்கும். சிலவற்றில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று இருக்கும். இரண்டும் ஒன்று அல்ல. ஐஸ்கிரீமில் இருப்பது பாலின் கொழுப்பு. மற்றதில் தாவர எண்ணெய் சேர்ந்திருக்கும்.

எழுத்து மலையாளத்தில் இருக்கலாம், ஆங்கிலத்தில் இருக்கலாம். பள்ளியில் படிக்கும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். ஆனால் எண் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். தேதியை நீங்களே பார்த்துவிடலாம். தேதி முடிந்ததை வாங்காதீர்கள். பேரும் தேதியும் இல்லாத குச்சி ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று யாருக்குத் தெரியும்?

"தண்ணி உறைஞ்சா கிருமி செத்துப்போகும்ல?" என்று வகுப்பில் ஒரு அக்கா கேட்டார்.

சாகாது. குளிரில் பல கிருமிகள் உறங்கும். வயிற்றுக்குள் போனதும் விழித்துக்கொள்ளும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால்தான் கிருமி சாகும்.

நம் மலையில் தயிர் உறைய

தயிர் எப்படி உறைகிறது? உறைமோரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. இவை நல்ல நுண்ணுயிர்கள். பாலில் உள்ள இனிப்பை இவை தின்று புளிப்பாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்பில் பால் கெட்டியாகிறது. அதுவே தயிர்.

இந்த நுண்ணுயிர்களுக்கு வெதுவெதுப்பு வேண்டும். கீழே போடியில் ஐந்தாறு மணி நேரத்தில் தயிர் உறைந்துவிடும். நம் மலையில் குளிர். ராத்திரி முழுவதும் வைத்தாலும் சில நாள் பாலாகவே இருக்கும். அதற்கு வழி உண்டு.

1. அரை லிட்டர் பாலை நன்றாகக் காய்ச்சுங்கள்.
2. ஆற விடுங்கள். சுத்தமான விரலை விட்டுப் பாருங்கள். சுட வேண்டாம், வெதுவெதுப்பு இருந்தால் போதும்.
3. கீழ்நாட்டில் ஒரு கரண்டி உறைமோர் போதும். இங்கே இரண்டு கரண்டி ஊற்றிக் கலக்குங்கள்.
4. பாத்திரத்தை மூடிக் கம்பளியில் சுற்றுங்கள். அரிசிப் பானைக்குள் வைக்கலாம். அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்கலாம்.
5. பத்து, பன்னிரண்டு மணி நேரம் அசைக்காமல் விடுங்கள்.

பால் குடித்தால் வயிறு உப்புகிற சிலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். ஏனென்றால் பாலின் இனிப்பில் ஒரு பங்கை நுண்ணுயிர்கள் முன்பே தின்றுவிடுகின்றன. எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்து தயிரில் இருக்கிறது. தசை வளரப் புரதச் சத்தும் இருக்கிறது.

முதலில் கை கழுவுவோம்

இது மிக முக்கியம். ஏலத்தோட்டத்தில் அடிக்கடி பூச்சி மருந்து அடிக்கிறார்கள். மருந்து அடித்தவர் கையில் மருந்து இருக்கும். அவர் சட்டையில் இருக்கும். மருந்து அடித்த செடியில் காய் எடுத்தவர் கையிலும் இருக்கலாம். அதே கையால் பழத்தைப் பிசைந்தால்?

"நான் வந்ததும் பிள்ளையைத்தான் தூக்குவேன். இனிமே குளிச்சிட்டுத்தான் தூக்கணும்" என்றார் அதே அக்கா.

சரியாகச் சொன்னார். நாம் செய்ய வேண்டியவை இவை:

* வேலை முடிந்து வந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். குளிக்க முடியாவிட்டால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.
* தோட்டத்துத் துணியை மாற்ற வேண்டும். பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.
* காலியான மருந்து டப்பாவைப் பாலுக்கும் தண்ணீருக்கும் எடுக்கக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் கூடாது.
* ஏலச்செடிகளுக்கு நடுவே நிற்கும் கொய்யாவை மருந்து அடித்த நாட்களில் பறிக்கக் கூடாது. எப்போது அடித்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.
* எந்தப் பழமானாலும் ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். தோல் உரிக்கக்கூடிய பழத்தை உரித்துக் கொடுங்கள்.

பெரியவர் உடம்பை விடப் பிள்ளை உடம்பு சிறியது. கொஞ்ச மருந்தும் பிள்ளைக்கு அதிகம். மருந்து வயிற்றில் போயிருக்கும் என்று சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மருந்து டப்பாவையும் எடுத்துப் போங்கள். டாக்டருக்கு அது உதவும்.

தயிர் ஐஸ் செய்யும் முறை

வேண்டிய பொருள்கள்:

தயிர் – அரை லிட்டர் பாலில் உறைந்தது
கனிந்த வாழைப்பழம் – 2
பொடித்த வெல்லம் – 2 கரண்டி
ஏலக்காய்த் தூள் – ஒரு சிட்டிகை

ஏலக்காய் நம் கையில் விளைவது. அதன் வாசனை நம் பிள்ளைக்கும் கிடைக்கட்டும்.

செய்முறை:

தயிரைச் சுத்தமான வெள்ளைத் துணியில் கட்டித் தொங்க விடுங்கள். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வடியும். ஏன் வடிக்க வேண்டும்? தண்ணீர் அதிகம் இருந்தால் ஐஸ் கரடுமுரடாகும். தண்ணீர் குறைந்தால் வழவழப்பாக வரும். வடிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். அதிலும் சத்து உண்டு. சப்பாத்தி மாவு பிசைய எடுத்துக்கொள்ளலாம்.

வாழைப்பழத்தைக் கரண்டியால் மசியுங்கள். தயிர், வெல்லம், ஏலத்தூள் சேர்த்து அடியுங்கள். கொஞ்சம் இனிப்புத் தூக்கலாக இருக்கட்டும். குளிர்ந்த பிறகு நாக்குக்கு இனிப்புக் குறைவாகத் தெரியும்.

சின்ன எவர்சில்வர் தம்ளர்களில் ஊற்றுங்கள். விளிம்பு வரை ஊற்ற வேண்டாம். ஒரு விரல் இடம் விடுங்கள். தண்ணீர் உறையும்போது பெருகும். அதனால்தான் கண்ணாடிப் பாத்திரம் கூடாது, வெடித்துவிடும். நடுவில் ஒரு சின்னக் கரண்டியைச் செருகுங்கள். ஃபிரிட்ஜில் ஐஸ் கட்டி வைக்கும் அறையில் ஆறு மணி நேரம் வையுங்கள். எடுத்ததும் தம்ளரைத் தண்ணீரில் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். ஐஸ் கழன்று வரும்.

வாழைக்குப் பதில் மாம்பழம் போடலாம். பலாச்சுளையை அரைத்துப் போடலாம். பலா 2018-ல் கேரளத்தின் மாநிலப் பழமாக அறிவிக்கப்பட்டது. பேஷன் ஃப்ரூட் கொடி வீட்டோரம் இருந்தால் அதன் சாற்றையும் ஊற்றலாம். கண் பார்வைக்கு வேண்டிய சத்து மாம்பழத்தில் இருக்கிறது. கொய்யாவில் வைட்டமின் சி ஆரஞ்சை விட அதிகம்.

அன்னாசி போடுவதானால் ஒரு கொதி விட்டு ஆற வைத்துப் போடுங்கள். பச்சை அன்னாசி தயிரின் புரதத்தைச் சிதைக்கும். தயிர் கசந்துவிடும்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில்

ஃபிரிட்ஜ் இல்லையே என்று வருந்த வேண்டாம். அதே கலவையைக் கிண்ணத்தில் ஊற்றி மூடுங்கள். ஒரு மண்சட்டியில் தண்ணீர் விட்டு அதற்குள் நிறுத்துங்கள். சட்டியை ஈரத்துணியால் சுற்றிக் காற்று படும் இடத்தில் வையுங்கள். ஈரம் காயும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகும். உள்ளே உள்ளது குளிரும். உறையாது, ஆனால் சில்லென்று இருக்கும். மேலே பழத்துண்டு போட்டுக் கொடுங்கள். அன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

மீன்கடை ஐஸ் கட்டியை எந்தத் தின்பண்டத்திலும் போடாதீர்கள்.

ஐஸ் கப்பலில் வந்த கதை

தயிர் உறையும் வரை பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லலாம். இது நடந்த கதை.

அந்தக் காலத்தில் ஐஸ் செய்யும் இயந்திரம் இல்லை. அமெரிக்காவில் பனிக்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடும். ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி அந்தப் பனிக்கட்டிகளை அறுத்து எடுத்தார். மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றினார். 1833-ல் முதல் கப்பல் கல்கத்தாவுக்கு வந்தது. பயணம் நான்கு மாதம்! வழியில் கரைந்தது போக மீதி வந்து சேர்ந்தது.

சென்னைக் கடற்கரையில் பனிக்கட்டி வைக்க ஒரு கட்டடம் கட்டினார்கள். அதன் பெயர் ஐஸ் ஹவுஸ். பிறகு ஐஸ் செய்யும் இயந்திரம் வந்தது. கப்பல் ஐஸ் நின்றது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் அந்தக் கட்டடத்தில் தங்கினார். இப்போது அது விவேகானந்தர் இல்லம். அந்தப் பகுதியை இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்கிறார்கள்.

பிள்ளைகளுக்கும் வேலை கொடுப்போம்

தானே செய்ததைப் பிள்ளை விரும்பிச் சாப்பிடும்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளை வாழைப்பழம் உரிக்கும், மசிக்கும். ஆறு, ஏழு வயதுப் பிள்ளை அளந்து போடும், கலக்கும். பத்து வயதுப் பிள்ளை நாம் பக்கத்தில் இருக்கும்போது பழம் நறுக்கும். அடுப்பு வேலை நம்முடையது. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை எல்லாரும் செய்யட்டும். அப்பாவும் வந்து உட்காரட்டும்.

"தயிர் தின்னா சளி பிடிக்காதா?" என்று பாட்டி கேட்பார். சளி வருவது கிருமியால். இருமுகிறவர் பக்கத்தில் இருந்து அது ஒட்டும். தயிரால் வருவதில்லை. இருமல் இருக்கும் பிள்ளைக்குக் குளிர்ந்தது வேண்டாம் என்றால், குளிராத தயிரில் பழம் போட்டுக் கொடுக்கலாம்.

இவற்றையும் மறக்க வேண்டாம்:

* ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் திராட்சையை முழுசாகக் கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைக்கும். நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள்.
* ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது.
* மழைக்காலத்தில் கரண்டு அடிக்கடி போகும். உருகிக் கிடந்த தயிர் ஐஸை மறுபடி உறைய வைத்துக் கொடுக்காதீர்கள்.

அந்த அக்கா அடுத்த வாரம் வகுப்புக்கு வந்தார். "ஞாயித்துக்கிழமை செஞ்சோம். பெரியவன் கலக்கினான். சின்னவ கரண்டியை நக்கியே பாதியைக் காலி பண்ணிட்டா" என்றார். எல்லாரும் சிரித்தோம். பிறகு நோட்டைத் திறந்து செய்முறையைக் காட்டினார். அவரே எழுதியது. நான்கு வரி. 'வாழைப்பழம்' என்ற சொல்லில் ஒரு எழுத்தும் தப்பு இல்லை.

யோசிப்போம், செய்வோம்

1. உங்கள் வீட்டில் பிள்ளைகளின் தின்பண்டத்துக்கு ஒரு வாரத்தில் எவ்வளவு செலவாகிறது? எழுதிக் கூட்டுங்கள்.
2. மலையில் தயிர் உறைய ஏன் அதிக நேரம் ஆகிறது?
3. தோட்டத்திலிருந்து வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?
4. ஒரு பொட்டலத்தின் உறையைக் கொண்டு வாருங்கள். தேதியையும் முதலில் உள்ள பொருளின் பெயரையும் வகுப்பில் வாசியுங்கள்.