ஆடியவர் தீர்ப்பும் ஆடிய நேரமும்

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்டீம் என்பது, கணினி விளையாட்டுகளை இணையவழி விற்கும் அங்காடியாகும். அங்குக் கருத்து எழுதுவோர் மதிப்பெண் இடுவதில்லை. பரிந்துரைக்கிறார்களா இல்லையா என்பதை மட்டுமே தெரிவிக்கிறார்கள் என்றாலும், அவர்கள் அவ்விளையாட்டை எத்தனை மணி நேரம் ஆடியுள்ளனர் என்பது கருத்தின் அருகிலேயே தானாகப் பதிவாகிவிடுகிறது. அரை மணி நேரம் ஆடிவிட்டுக் குறைகூறுபவரையும், 500 மணி நேரம் ஆடித் தீர்த்தபின் ‘வாங்காதீர்கள்’ என்று எழுதுபவரையும் (இத்தகையோர் அரியரல்லர்) எடைபோட்டுப் பார்க்க இக்குறிப்பு பெரிதும் துணைசெய்கிறது.

வெளியான பின்னும் விளையாட்டுகள் இணையம் வழியே திருத்தப்படுவதால் பழைய கருத்துகள் பொருந்தாமற் போவதுண்டு. அதனால் 2016 முதல் ஒட்டுமொத்தக் கருத்துநிலையுடன் அண்மைய 30 நாள்களின் நிலையும் தனியே காட்டப்படுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஹலோ கேம்ஸ் வெளியிட்ட ‘நோ மேன்ஸ் ஸ்கை’, கணித விதிகளின்படி கணினியே உருவாக்கும் எண்ணிலடங்காக் கோள்களில் உலவும் விண்வெளி விளையாட்டாகும். முன்பு பேசப்பட்ட கூறுகள் பல அதில் இல்லையென ஆடியவர்கள் கொதித்தெழுந்தனர். நிறுவனமோ ஆண்டுதோறும் இலவசமாக மேம்படுத்தி, பலர் சேர்ந்து ஆடும் வசதியை 2018இல் முறையாகச் சேர்த்தது. ஐந்தில் நான்கு பங்கினராவது பரிந்துரைத்தால் கிட்டும் ‘மிகவும் சாதகம்’ என்ற படியை அதன் ஒட்டுமொத்தக் கருத்துநிலை 2024இல்தான் எட்டியது.