வலைத்தளம் கட்டுவோம் – 9: ரூட்டை ஒதுக்கி வையுங்கள்

சென்ற வாரம் ஸாம்ப் நிறுவி, அப்பாச்சியையும் மைஎஸ்க்யூஎல்லையும் ஓடவிட்டோம். இந்த வாரம் நம் மளிகைக்கடைத் தளத்துக்கு டேட்டாபேஸ் உருவாக்கப் போகிறோம். ஆனால் முதல் டேபிளைத் தொடும் முன் சர்வரைப் பூட்டியாக வேண்டும்.

ஸாம்ப் நிறுவியதும் ரூட் என்ற பயனருக்குச் சகல அதிகாரமும் இருக்கும். பாஸ்வேர்டு மட்டும் இருக்காது. கற்பவர்களுக்குச் சிரமம் வேண்டாமென்று செய்த ஏற்பாடு இது. ‘என் லேப்டாப்தானே, யார் வரப்போகிறார்கள்?’ என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த லேப்டாப் கல்லூரி வைஃபையிலும் இணைகிறது, ரயில் நிலைய வைஃபையிலும் இணைகிறது.

2017 ஜனவரியில் இணையத்தில் திறந்து கிடந்த பல்லாயிரம் மோங்கோடிபி டேட்டாபேஸ்களைத் தாக்குதல்காரர்கள் அழித்துவிட்டு, பிட்காயின் கொடுத்தால் திருப்பித் தருவதாகச் செய்தி வைத்துப் போனார்கள். பாஸ்வேர்டை உடைக்கும் வேலையே அவர்களுக்கு இருக்கவில்லை. பாஸ்வேர்டே போடாமல், எந்த முகவரியிலிருந்தும் இணைப்பை ஏற்கும்படி விட்டிருந்த சர்வர்கள் அவை. அதே ஆண்டு வந்த 3.6 பதிப்பிலிருந்து, நாமாக மாற்றாதவரை மோங்கோடிபி தன் கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கிறது.

நாமும் அங்கிருந்தே தொடங்குவோம். ஸாம்ப் பேனலில் மைஎஸ்க்யூஎல் வரிசையில் உள்ள கான்ஃபிக் பட்டனை அழுத்தி மை.ஐஎன்ஐ கோப்பைத் திறங்கள். அதில் பைண்ட்-அட்ரஸ் 127.0.0.1 என்ற வரியின் முன்னால் # குறி இருந்தால், அந்த வரி செயல்படாது. குறியை நீக்கிச் சேமித்து, சர்வரை நிறுத்தித் தொடங்குங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்டில் நெட்ஸ்டாட் -an என்று ஓட்டி 3306 என்ற போர்ட்டைத் தேடுங்கள். அதற்கு முன்னால் 127.0.0.1 என்று இருந்தால் சரி. 0.0.0.0 என்று இருந்தால், அக்கம்பக்கத்துக் கணினிகளின் அழைப்பையும் சர்வர் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அடுத்து ரூட்டின் பாஸ்வேர்டு. பிஎச்பிமைஅட்மினில் யூசர் அக்கவுண்ட்ஸ் பக்கத்தில் ரூட் பல வரிகளில் வரும், எல்லாவற்றுக்கும் போடுங்கள். போட்டதும் பிஎச்பிமைஅட்மினே ‘ஆக்சஸ் டினைடு’ என்று மறுக்கலாம். பதற வேண்டாம். அதன் கான்ஃபிக் கோப்பில் பழைய வெற்று பாஸ்வேர்டே இருக்கிறது. அங்கே ஆத்_டைப் என்பதில் ‘கான்ஃபிக்’ இருக்கும் இடத்தில் ‘குக்கி’ என்று மாற்றுங்கள். இனி ஒவ்வொரு முறையும் உங்களிடம் பாஸ்வேர்டு கேட்டுத்தான் உள்ளே விடும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம்: உங்கள் பிஎச்பி கோடில் ரூட் வரவே கூடாது. முதலில் ‘கடை’ டேட்டாபேஸை உருவாக்குங்கள். பிறகு ஆட் யூசர் அக்கவுண்ட் பக்கத்தில் தளத்துக்கென்று ஒரு பயனரை உருவாக்குங்கள். ஹோஸ்ட் நேம் கட்டத்தில் எனி ஹோஸ்ட் என்பதை லோக்கல் என்று மாற்றுங்கள். இல்லையென்றால் % குறி விழும், எங்கிருந்தும் வரலாம் என்று பொருள். குளோபல் பிரிவிலேஜஸ் எதையும் டிக் செய்யாதீர்கள். ‘கடை’ டேட்டாபேஸில் மட்டும் செலக்ட், இன்சர்ட், அப்டேட், டெலீட் நான்கையும் கொடுங்கள்.

ஏன் இவ்வளவு கறார்? தேடல் பெட்டியில் எஸ்க்யூஎல் வரியைப் புகுத்துகிறவன், உங்கள் தளம் எந்தப் பயனராக இணைந்திருக்கிறதோ அந்தப் பயனரின் அதிகாரத்தைப் பெறுகிறான். ரூட் என்றால் எல்லா டேட்டாபேஸும், கணினியின் கோப்புகளைப் படிக்கும் அதிகாரமும் சேர்ந்து போகும். தனிப் பயனர் என்றால் சேதம் ‘கடை’யோடு நிற்கும்.

தகவல் விஷயத்திலும் கறாராக இருங்கள். உண்மையான வாடிக்கையாளர்களின் போன் நம்பர்களைச் சோதனைக்காக லேப்டாப்பில் இறக்காதீர்கள். நம்பி நம்பர் கொடுத்தவர்கள் அவர்கள். சோதனைக்குக் கற்பனைப் பெயர்களும் நம்பர்களும் போதும்.

சொந்தக் கணினியில் எழுதிய கோடுதான் நாளை வாடகை சர்வருக்கு ஏறுகிறது. ரூட்டை நம்பிய பழக்கமும் அதோடு ஏறிவிடும். எனவே இன்றே மாற்றிவிடுங்கள்.

அடுத்த வாரம்: புகுத்தப்படும் எஸ்க்யூஎல்லை வாசலிலேயே நிறுத்தும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்.