வகுப்பறைத் திரையில் சிங்கம்: பார்த்தால் மட்டும் போதாது, எண்ணவும் வேண்டும்

சிங்கம் எங்கே வாழ்கிறது என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் "காட்டில்" என்றுதான் சொல்வார்கள். காட்டுக்கு ராஜா என்று கதையில் படித்திருக்கிறார்கள். அந்தக் காடும் பச்சைப் பசேலென்று, நம் தாமான் நெகாரா போலத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் சிங்கம் பெரும்பாலும் புல்வெளிகளிலும் புதர்க்காடுகளிலும் வறண்ட காடுகளிலும் வாழும் விலங்கு. நம் வட்டாரத்து மழைக்காடு அதற்கு வீடல்ல. சிங்கப்பூரின் பெயரிலேயே சிங்கம் இருந்தாலும், அந்தத் தீவில் சிங்கம் வாழ்ந்ததற்குச் சான்று இல்லை. அங்கே இருந்தது புலி.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த விலங்கைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். விலங்குகளின் நீடுநிலவல் பற்றி அறிவியல் பாடத்தில் பேசும்போது, சிங்கத்தை எடுத்துக்கொண்டால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். ஆனால் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல்.

வழக்கமாக நடப்பது இதுதான். தொலைக்காட்சித் திரையில் ஐந்து நிமிடக் காணொளி ஒன்று ஓடும். சிங்கம் மானைத் துரத்தும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். பிறகு ஆசிரியர், "சிங்கம் அழிந்து வருகிறது, நாம் காப்பாற்ற வேண்டும்" என்பார். வண்ணம் தீட்டும் தாளோடு பாடம் முடிந்துவிடும். "யாரிடமிருந்து காப்பாற்ற வேண்டும்?" என்று கேட்டால், "வேட்டைக்காரனிடமிருந்து" என்று பதில் வரும். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சொல்லித் தருவதற்குத்தான் வகுப்பறையில் உள்ள திரையும் கணினியும் பயன்பட வேண்டும்.

எத்தனை சிங்கங்கள் மிச்சம்?

ஆப்பிரிக்கா முழுவதும் காட்டில் வாழும் சிங்கங்கள் ஏறக்குறைய 20,000 முதல் 25,000 வரை இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. இந்த எண்ணைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க எளிய வழி உண்டு. புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தின் படத்தைத் திரையில் காட்டுங்கள். அங்கே 85,000-க்கும் மேற்பட்ட இருக்கைகள் உள்ளன. ஆப்பிரிக்கச் சிங்கங்கள் அனைத்தையும் கொண்டுவந்து உட்காரவைத்தாலும் மூன்றில் ஒரு பங்கு இருக்கைகூட நிரம்பாது.

அடுத்து கூகல் எர்த் செயலியைத் திறக்கலாம். முதலில் நம் பள்ளியின் கூரை. அங்கிருந்து தான்சானியாவின் செரெங்கெட்டி. பிறகு இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் உள்ள கீர் காடு. சிங்கம் முன்பு வாழ்ந்த நிலப்பரப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இன்று அதற்கு இல்லை. செரெங்கெட்டியின் எல்லையைப் பெரிதாக்கிக் காட்டினால் காரணம் பிள்ளைகளின் கண்ணிலேயே படும். ஒரு பக்கம் புல்வெளி. மறுபக்கம் வயல்களும் வீடுகளும். இரண்டுக்கும் இடையே பல இடங்களில் வேலிகூடக் கிடையாது.

பிள்ளைகளே எண்ணட்டும்

மறைந்து திரியும் விலங்கை எப்படி எண்ணுவது? 2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செரெங்கெட்டியில் 225 தானியங்கிக் கேமராக்களைப் பொருத்தத் தொடங்கினார்கள். மொத்தப் பரப்பு 1,125 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல ஒன்றரை மடங்கு. விலங்கு கடந்து போனால் அதன் உடல் சூட்டையும் அசைவையும் உணர்ந்து கேமரா தானே படம் எடுத்துவிடும்.

படங்கள் இலட்சக்கணக்கில் குவிந்தன. பல படங்களில் காற்றில் ஆடும் புல் மட்டுமே இருந்தது. ஆய்வாளர்கள் சிலரால் மட்டும் பார்த்து முடிக்கக்கூடிய வேலையல்ல அது. எனவே 2012-இல் "ஸ்னாப்ஷாட் செரெங்கெட்டி" என்ற பெயரில் ஸூனிவர்ஸ் அகப்பக்கத்தில் படங்களைப் பொதுமக்களின் பார்வைக்கு வைத்தார்கள். "இந்தப் படத்தில் என்ன விலங்கு? எத்தனை? என்ன செய்கிறது?" என்ற கேள்விகளுக்கு ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் பதில் சொன்னார்கள். ஒரே படத்தைப் பலரிடம் காட்டி, பெரும்பாலோர் சொன்னதை விடையாக எடுத்துக்கொண்டார்கள். வல்லுநர்களின் விடைகளோடு ஒப்பிட்டபோது, விலங்கின் பெயரில் 96.6 விழுக்காடு சரியாக இருந்தது.

நம் வகுப்பறையிலும் இதைச் செய்யலாம். இந்தப் படங்கள் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிடப்பட்டவை. ஆசிரியர் இருபது படங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றாகத் திரையில் காட்டட்டும். மாணவர்கள் பக்கத்தில் இருப்பவரின் தாளைப் பார்க்காமல் விலங்கின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதட்டும். பிறகு விடைகளைக் கரும்பலகையில் கூட்டிப் பாருங்கள். ஒரு மாணவர் தவறியதை வகுப்பு முழுவதும் சேர்ந்து பெரும்பாலும் சரிசெய்துவிடும். அறிவியலும் கணிதமும் ஒரே பாடத்தில் வந்துவிடுகின்றன.

இன்னொரு பயிற்சியும் உண்டு. சிங்கத்தின் மீசை முடி முளைக்கும் இடங்களில் சிறு கரும்புள்ளிகள் இருக்கும். மேல் வரிசைப் புள்ளிகள் அமைந்திருக்கும் விதம் சிங்கத்துக்குச் சிங்கம் மாறும். வாழ்நாள் முழுவதும் அப்படியே இருக்கும். நமக்குக் கைரேகை போல. ஆய்வாளர்கள் 1970-ஆம் ஆண்டு வாக்கிலிருந்தே இதைக் கொண்டு சிங்கங்களை அடையாளம் கண்டு வருகிறார்கள். தெளிவான இரண்டு முகப் படங்களைத் திரையில் பெரிதாக்கி, "இரண்டும் ஒரே சிங்கமா?" என்று கேளுங்கள். இரண்டுமே முகத்தின் ஒரே பக்கத்தைக் காட்டும் படங்களாக இருக்க வேண்டும். இடப்பக்கப் புள்ளிகளும் வலப்பக்கப் புள்ளிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பின் வரிசை மாணவர்கள்கூட எழுந்து முன்னால் வந்துவிடுவார்கள்.

மாடு போன வீட்டின் கதை

எண்ணி முடித்த பிறகுதான் முக்கியமான கேள்விக்கு வர வேண்டும். சிங்கத்தை மக்கள் ஏன் கொல்கிறார்கள்?

உறுப்புகளுக்காக வேட்டையாடுவோர் இருக்கிறார்கள். மான் முதலியவற்றைப் பிடிக்க வைத்த கம்பிக் கண்ணியில் சிக்கிச் சாகும் சிங்கங்களும் உண்டு. ஆனால் பல இடங்களில் நடப்பது வேறு. இரவில் சிங்கம் பட்டிக்குள் புகுந்து மாட்டை அடித்துவிடுகிறது. அந்தக் குடும்பத்துக்கு மாடுதான் பால், சேமிப்பு, பிள்ளையின் பள்ளிச் செலவு எல்லாம். கோபத்தில் ஈட்டியோடு கிளம்புகிறார்கள். சிலர் இறைச்சியில் விஷம் வைக்கிறார்கள். அதைத் தின்ன வரும் கழுகும் கழுதைப்புலியும் சேர்ந்து சாகின்றன.

இந்த இடத்தில் பிள்ளைகளுக்குக் கென்யாவைச் சேர்ந்த ரிச்சர்ட் டுரேரேயின் கதையைச் சொல்ல வேண்டும். அவர் நைரோபி தேசியப் பூங்காவை ஒட்டி வாழ்ந்த மாசாய் இனச் சிறுவர். ஒன்பது வயதிலேயே அப்பாவின் மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கு வந்தது. வீட்டில் இருந்த ஒரே காளையைச் சிங்கம் அடித்துவிட்டது. தீ மூட்டிப் பார்த்தார். அந்த வெளிச்சம் சிங்கத்துக்கே வசதியாகப் போனது. சோளக்கொல்லை பொம்மை வைத்தார். முதல் நாள் பயந்த சிங்கம், மறுநாள் அது அசையவில்லை என்று கண்டுகொண்டது.

ஒரு நாள் இரவு கைவிளக்கோடு பட்டியைச் சுற்றி நடந்தபோது சிங்கம் வரவில்லை. நகரும் வெளிச்சத்துக்கு அது அஞ்சுகிறது என்று சிறுவருக்குப் பட்டது. பழைய கார் மின்கலம், சிறிய சூரியத் தகடு, மோட்டார் சைக்கிளின் சமிக்ஞை விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் பெட்டி, உடைந்த கைவிளக்குகளின் பல்புகள் ஆகியவற்றைச் சேர்த்து, பட்டியைச் சுற்றி மின்னி மின்னி எரியும் விளக்குகளை அமைத்தார். அப்போது அவருக்கு வயது 11. அதன் பிறகு அவர் வீட்டுப் பட்டிக்குள் சிங்கம் வரவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளும் கேட்டு வாங்கிக்கொண்டன. 2013-இல் தெட் மேடையில் அவரே இதைப் பேசிய காணொளி இணையத்தில் உள்ளது. துரத்தும் காணொளிக்குப் பதிலாக இதைப் போடலாம்.

பிறகு கை வேலை. ஒரு சிறிய மின்கலமும் இரண்டு மூன்று விளக்குகளும் இருந்தால் மாதிரிப் பட்டி செய்துவிடலாம். ஸ்கிராட்ச் நிரலாக்கம் தெரிந்த பிள்ளைகள், திரையில் விளக்குகள் ஒரே சீராக இல்லாமல் மாறி மாறி எரியும்படி நிரல் எழுதலாம். "ஏன் ஒரே சீராக எரியக்கூடாது?" என்று கேளுங்கள். பொம்மையைச் சிங்கம் கண்டுபிடித்த கதையிலிருந்து பதிலை அவர்களே எடுத்துவிடுவார்கள்.

கணக்குப் பாடத்துக்கும் ஒன்று இருக்கிறது. போட்ஸ்வானா நாட்டின் ஒகவாங்கோ பகுதியில், மாடுகளின் பின்புறத்தில் கண் வரைந்தால் பதுங்கிப் பாயும் விலங்கு ஏமாறுமா என்று நான்கு ஆண்டுகள் சோதித்தார்கள். முடிவு 2020-இல் வெளிவந்தது. கண் வரையப்பட்ட 683 மாடுகளில் ஒன்றுகூடப் பலியாகவில்லை. வெறும் குறுக்குக் கோடுகள் வரையப்பட்ட 543 மாடுகளில் 4 பலியாயின. எதுவும் வரையப்படாத 835 மாடுகளில் 15 பலியாயின. இந்த எண்களைக் கணினியின் அட்டவணையில் போட்டு, விழுக்காடு கண்டு, பட்டைக் குறிவரைவு வரையச் சொல்லுங்கள். தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தால் பதுங்கும் விலங்கு பின்வாங்கும் என்பது பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

கீர் காட்டின் நல்ல செய்தியும் கவலையும்

எல்லாமே சோகக் கதையாக இருந்தால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். ஆசியச் சிங்கம் காட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே இடமான கீர் வட்டாரத்தின் கணக்கெடுப்புகளைக் காட்டுங்கள். 1990-இல் 284, 2005-இல் 359, 2015-இல் 523, 2020-இல் 674, 2025-இல் 891. கோட்டுக் குறிவரைவில் போட்டால் கோடு மேலே ஏறுவது தெரியும். காத்தால் பெருகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஆனால் அதோடு நிறுத்தக்கூடாது. இன்று அந்தச் சிங்கங்களில் பாதிக்கும் மேற்பட்டவை கீர் சரணாலயத்துக்கு வெளியே, ஊர்களுக்கும் வயல்களுக்கும் இடையே வாழ்கின்றன. எல்லாம் ஒரே வட்டாரத்தில் இருப்பதால் நோய் வந்தால் ஆபத்து. 1994-இல் நாய்களிடம் காணப்படும் டிஸ்டெம்பர் என்னும் கிருமி பரவி, செரெங்கெட்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் மடிந்தன. 2018-இல் கீரில் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. சிலவற்றில் அதே கிருமி கண்டறியப்பட்டது. சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு மாற்ற வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டும் அது நடக்கவில்லை. "எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்கலாமா?" என்று கேட்டு, வகுப்பை இரண்டாகப் பிரித்து விவாதிக்க வைக்கலாம்.

ஒரே திரை இருந்தாலும் போதும்

ஆளுக்கொரு தட்டைக் கணினி இல்லையே என்று தோட்டப்புறப் பள்ளி ஆசிரியர்கள் தயங்க வேண்டாம். மேலே சொன்ன பெரும்பாலான பயிற்சிகளுக்கு ஒரு மடிக்கணினியும் ஒரு திரையும் போதும். இணையம் மெதுவாக இருந்தால் படங்களை வீட்டிலேயே பதிவிறக்கம் செய்து கொண்டுவரலாம். திரையே இல்லாவிட்டால் படங்களை அச்சடித்து மேசைக்கு ஒன்றாகக் கொடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை. புலனக் குழுக்களில் சுற்றும் சிங்கக் காணொளிகள் பலவும் காட்டுச் சிங்கத்தைக் காட்டுபவை அல்ல. சுற்றுப்பயணிகள் கொஞ்சுவதற்காகக் கூண்டில் வளர்க்கும் குட்டிகள் சில. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய பொய்க் காட்சிகள் சில. "இது எங்கே எடுத்தது? யார் எடுத்தது? பின்னால் வேலி தெரிகிறதா?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். பெற்றோர்களும் பழகிக்கொள்வது நல்லது.

கடைசியாக, பாடத்தை நம் ஊருக்குக் கொண்டுவர வேண்டும். நமக்குச் சிங்கம் இல்லை. மலாயாப் புலி இருக்கிறது. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி காட்டில் எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு. அங்கேயும் தானியங்கிக் கேமராதான். மீசைப் புள்ளிக்குப் பதில் உடல் வரிகள்.

காட்டோரத் தோட்டங்களில் மாடு வளர்த்த நம் குடும்பங்களுக்கு, மேயப் போன மாடு திரும்பாத கவலை புதிதல்ல. செம்பனைக் கன்றின் குருத்தை யானை தின்றுவிட்டுப் போன காலைப்பொழுதும் அவர்களுக்குத் தெரியும். எனவே வீட்டுப்பாடமாக இதைக் கொடுக்கலாம்: தாத்தா பாட்டியிடம் போய், "நம் தோட்டத்துக்குள் புலியோ யானையோ வந்ததுண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டு, கைப்பேசியில் பதிவு செய்து வாருங்கள். மறுநாள் அந்தக் குரல்களை வகுப்பில் ஒலிக்கவிட்டு, கென்யச் சிறுவரின் பட்டியோடு ஒப்பிட்டுப் பேசட்டும். மாட்டையும் காக்க வேண்டும், புலியையும் காக்க வேண்டும், அதற்கு நம் ஊரில் என்ன செய்யலாம் என்று பிள்ளைகளே யோசித்து எழுதட்டும்.